இருநூத்திப் பத்தொம்பதாம் நம்பர் ரோஸ்

சார், கோவிச்சுக்காதீங்க, அந்த ஷட்டரக் கொஞ்சம் இறக்கி விடுறீங்களா? காத்து வராது, புழுங்கும், எல்லாம் தெரியும். ஆனா வெயிலு உங்களத் தாண்டி நேரா என் மடியில வந்து விழுது பாருங்க. எனக்கு வெயில் பட்டா ஒண்ணும் இல்ல, நான் ஏற்கெனவே நல்லா வெந்தவன்தான். இந்தப் பைக்கு ஆகாது.

பஸ்ல ஏறும்போதே கணக்குப் போட்டுத்தான் ஏறுனேன். சிவகாசியில இருந்து வண்டி வடக்க போகுது, காலை வெயில் கிழக்க, அப்ப இடது பக்கம் உக்காந்தா நிழல். கணக்கு சரிதான். இடது பக்கம் சீட்டுதான் இல்ல. என் வாழ்க்கையில எல்லாக் கணக்கும் இப்படித்தான் சார். இறக்கிட்டீங்களா? நல்லா இருப்பீங்க.

பையில என்னன்னுதானே பாக்குறீங்க? நகை இல்ல, பணமும் இல்ல. சொல்றேன். நீங்க எதுவரைக்கும்? திண்டுக்கல்லா? போதும், அதுக்குள்ள முடிச்சிருவேன். நான் கோயம்புத்தூர் போகணும்.

என் பேரு தெய்வராஜ். சின்னதா ஒரு ஆப்செட் பிரஸ் வச்சிருக்கேன். எங்க ஊர்ல வந்து தெய்வராஜ்னு கேட்டீங்கன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. 'நம்பர் அண்ணாச்சி'ன்னு கேளுங்க, டீக்கடைக்காரன் எந்திரிச்சு வந்து வழி காட்டுவான். காட்டும்போது சிரிப்பான். அந்தச் சிரிப்பு எதுக்குன்னுதான் இப்பச் சொல்லப்போறேன்.

சிவகாசியில கலருக்கு என்ன சார் பஞ்சம்? லேபிளு, காலண்டரு, பட்டாசு டப்பா, தெருவுல கிடக்கிற வேஸ்ட்டுப் பேப்பர் கூட நாலு கலர்ல கிடக்கும். ஆனா ஆர்டர் குடுக்க வர்ற பார்ட்டி கலர எப்படிச் சொல்லுவான் தெரியுமா? "அண்ணாச்சி, நல்ல கிளிப்பச்சையா அடிங்க." எந்தக் கிளிடா? "மாம்பழ மஞ்சளா இருக்கணும்." எந்த மாம்பழம், சப்பட்டையா, பங்கனபள்ளியா? ஊறுகா பாக்கெட்டுக்கு ஒருத்தன் வந்து, "பாத்தவுடனே நாக்குல எச்சி ஊறுற மாதிரி ஒரு சிவப்பு"ங்கிறான். நான் மை கலக்குறதா, ஊறுகா கலக்குறதா? அடிச்சுக் குடுத்தா, "நான் கேட்டது இது இல்லையே"ம்பான். நீ கேட்டது உனக்கே தெரியாதேடா!

இப்படி நொந்து கிடந்தப்பத்தான் மெட்ராஸ்ல ஒரு பிரிண்டிங் கண்காட்சிக்குப் போனேன். அங்க வாங்கினேன் அந்த ஷேட் புத்தகத்த. விசிறி மாதிரி விரியும் சார். ஒவ்வொரு ஏட்டுலயும் ஏழு கட்டம், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு கலர், அதுக்குக் கீழ ஒரு நம்பர். அந்த மைய எந்த விகிதத்துல கலக்கணும்னு பக்கத்துலயே போட்டிருக்கும். இங்க இருந்து நான் ஒரு நம்பரச் சொன்னா, ஜப்பான்ல இருக்கிறவன் அதே கலர அடிச்சுக் காட்டுவான். கிளியும் வேண்டாம், மாம்பழமும் வேண்டாம். எனக்கு அழுகையே வந்துருச்சு, பொய் சொல்லல. இத்தனை வருஷமா உலகத்துல யாரோ ஒருத்தன் என் கஷ்டத்தப் புரிஞ்சுக்கிட்டு உக்காந்து எழுதியிருக்கான்னு தோணிச்சு.

அன்னையில இருந்து புடிச்சது கிறுக்கு. யாரு வந்தாலும் "நம்பர் சொல்லுங்க." வெள்ளையடிக்க வந்தவன்கிட்ட நம்பர். ஜவுளிக்கடையில என் வீட்டுக்காரி சண்முகக்கனி ஒரு சேலைய எடுத்து, "இந்த மயில்கழுத்து எப்படிங்க இருக்கு?"ன்னா, நான் பையில இருந்து விசிறிய விரிச்சு, "இது மயில்கழுத்து இல்ல, ஒரு நம்பர் தள்ளியிருக்கு"ங்கிறேன். கடைக்காரப் பையன் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். வீட்டுல சாம்பார் கொஞ்சம் வெளுத்து இருந்தா, அதுக்கும் ஒரு நம்பர். கூத்தோட உச்சம் என்னன்னா, என் மச்சினனுக்குப் பொண்ணு பாத்துட்டு வந்தோம். பெரியம்மா ஒருத்தி வாசல்லயே நின்னு, "பொண்ணு என்ன நிறம்?"னு கேட்டா. நான் விசிறியில கை வச்சேன் சார். வச்சதுதான் தெரியும். அன்னைக்கு எனக்குச் சோறும் இல்ல, ரெண்டு நாளைக்குப் பேச்சும் இல்ல. 'நம்பர் அண்ணாச்சி'ங்கிற பேரு அன்னைக்கு வச்சதுதான். வச்சது என் மச்சினன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரு அக்கா. தங்கபுஷ்பம்னு பேரு. அருப்புக்கோட்டையில வாக்கப்பட்டவ. அத்தானுக்குப் பெருசா வேலவெட்டி கிடையாது, நல்ல மனுஷன், அம்புட்டுதான் சொல்ல முடியும். அக்காதான் வீட்டுலயே சாம்பிராணி போட ஆரம்பிச்சா. அச்சுல அமுக்கிக் காயவச்சு, கற்பூரம் மாதிரி பத்த வைக்கிறது இருக்குல்ல, அது. நல்ல வாசம். விக்க ஆரம்பிச்சதும் ஒரு டப்பா அடிக்கணும்னு எங்கிட்ட வந்தா. வேற யாருகிட்டப் போவா? தம்பி பிரஸ் வச்சிருக்கான்.

வந்தவ ஒரு மஞ்சப்பையில இருந்து ஒரு துணிய எடுத்தா. ஜாக்கெட் துணி, தைக்காத துணி, மடிப்புக் கலையாம இருந்துச்சு. ஒரு மாதிரி ரோஸ். "தம்பி, டப்பா இந்தக் கலர்ல இருக்கணும்டா"ன்னா.

நான் சிரிச்சேன் சார். சத்தமாவே சிரிச்சேன். மிஷின்ல நின்ன பெத்துராஜக் கூப்பிட்டு வேற, "பாருப்பா, எங்கக்கா ஜாக்கெட் துணி காட்டுது, மிஷின்ல தையல் போட்டுருவோமா"ன்னேன். பெத்துராஜ் எங்க மிஷின்மேன், வாயத் தொறக்காத ஆளு, அவனும் மரியாதைக்குச் சிரிச்சான். அக்கா துணிய அப்படியே நீட்டிக்கிட்டு நின்னா. நான் கையில வாங்கல. "அக்கா, துணி கலரு வேற, மை கலரு வேற. இதெல்லாம் காட்டக் கூடாது. இந்தக் காலத்துல எல்லாமே நம்பர்"னு சொல்லி, விசிறிய விரிச்சு, ஒரு ஏட்டுல இருநூத்திப் பத்தொம்பதாம் நம்பரக் காட்டினேன். நல்லா கண்ணுல அடிக்கிற ரோஸ். தாமரை மொட்டுப் பிரியுறதுக்கு முந்தி இருக்குமே, அப்படி.

"இது ரொம்ப அழுத்தமா இருக்கேடா"ன்னா.

"டப்பாவுக்கு இதான் எடுப்பு. நீ சாம்பிராணியப் பாரு, கலர நான் பாத்துக்கிறேன்"னேன்.

அவ துணிய மடிச்சு உள்ள வச்சுட்டா. எனக்கும் சந்தோஷம், அக்காவே நம்ம பேச்சக் கேட்டுக்கிட்டாளேன்னு.

டப்பா வந்துச்சு. ஓடுச்சு சார், சும்மா சொல்லக் கூடாது. சாத்தூரு, கோவில்பட்டி, சுத்துப்பட்டிச் சந்தை பூராவும். வாங்குறவங்கள்ல பாதிப் பேரு பேரப் படிக்கிறது கூட இல்ல, "அந்த ரோஸ் டப்பா குடுங்க"ன்னுதான் கேப்பாங்க. அதக் கேள்விப்பட்டு எனக்குத் தல கால் புரியல. சாம்பிராணி நல்லா இருந்ததால ஓடுச்சுன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. எல்லாம் என் நம்பராலன்னு நெனச்சேன்.

அதனால அந்தப் புத்தகத்துக்கு ஒரு மரியாத செய்யணும்னு ஆபீஸ் வாசல்ல, கண்ணாடி ஷோகேஸ்ல, விசிறிய விரிச்சு, இருநூத்திப் பத்தொம்பது இருக்கிற ஏடு முன்னால தெரியிற மாதிரி நிறுத்தி வச்சேன். வர்ற பார்ட்டிக்கு மொத மொத அதான் கண்ணுல படணும். கிழக்குப் பாத்த ஆபீசு. காலையில ஷட்டரத் தூக்கினதும் வெயில் நேரா அது மேலதான் விழும், அந்த ரோஸு தகதகன்னு இருக்கும். மாலையில வீட்டுக்காரி வந்து ஒரு சாம்பிராணி காட்டிட்டுப் போவா. அக்கா சாம்பிராணிதான். ஆயுத பூஜைக்கு மிஷினுக்கு, கட்டிங் கத்திக்கு, மை டின்னுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம்ல, அப்படியே அந்தப் புத்தகத்துக்கும் ஒரு பொட்டு. இருநூத்திப் பத்தொம்பது மேலயே, நடுவுல. ஒவ்வொரு வருஷமும் அதே இடத்துல, பழைய பொட்டு மேலயே புதுப் பொட்டு. சாமிக்கு இடத்த மாத்தி மாத்தியா பொட்டு வைப்பாங்க?

வருஷா வருஷம் அக்கா டப்பா அடிக்கும்போது நானே மிஷின்கிட்ட நிப்பேன். புத்தகத்த ஷோகேஸ்ல இருந்து பயபக்தியா எடுத்துட்டு வந்து, அச்சான தாளு பக்கத்துல வச்சு, அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லாம வர்ற வரைக்கும் மைய மாத்தச் சொல்லுவேன். ஒரு தடவ பெத்துராஜ் மெல்ல வந்து, "அண்ணாச்சி, போன தடவ அடிச்ச டப்பா இதவிடக் கொஞ்சம் கூட இருந்த மாதிரி தெரியுது"ன்னான்.

புடிச்சேன் பாருங்க அவன. "பழைய டப்பாவப் பாத்துப் புது டப்பா அடிச்சா அது நகலுக்கு நகலு. புத்தகம்தான்டா அசலு. உங்கண்ணுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமா? நீ நேத்துச் சரியாத் தூங்கினியா இல்லையா? புத்தகம் தூங்குமா?" அப்படின்னேன். அதுக்கப்புறம் அவன் வாயே தொறக்கல. நெசத்துல அவனுக்கும் உறுதியாத் தெரியாது சார், அம்புட்டு நைசா மாறியிருக்கு. வருஷத்துக்கு ஒரு பொடி. யாரு கண்ணுக்கும் அகப்படாது.

ஏழெட்டு வருஷம் இப்படி ஓடிருச்சு. இந்த வருஷம் அக்காவுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்துச்சு. ஒரு சூப்பர் மார்க்கெட்காரங்க, ஊரு ஊருக்குக் கடை வச்சிருக்காங்க, கார்த்திகைக்குள்ள அத்தனை கடைக்கும் சரக்கு வேணும்னுட்டாங்க. ஆனா டப்பா கனமா இருக்கணும், மேல பளபளன்னு லேமினேஷன் வேணும், முன்னால சின்னதா ஒரு சன்னல் வெட்டி உள்ள இருக்கிறது தெரியணும். அந்த வேலைக்கு என் மிஷின் பத்தாது. அக்கா அந்த ஆர்டர நம்பி வீட்டுக்குப் பின்னால கொட்டகை போட்டு, ஏழெட்டுப் பொம்பளைங்கள வேலைக்கு வச்சுட்டா. டப்பா வேலையக் கோயம்புத்தூர்ல ஒரு பெரிய பிரஸ்ல குடுத்தா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. வெளிய காட்டிக்கல. கோயம்புத்தூர் பிரஸ்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, "சார், ஏற்கெனவே நீங்கதான் அடிச்சுட்டு இருந்தீங்களாமா. கலருக்குப் பழைய டப்பா ஒண்ணு அனுப்பி விடுறீங்களா?"ன்னு கேட்டுச்சு. கௌசிகான்னு பேரு. நான் விட்டேன் பாருங்க ஒரு டயலாக்கு. "டப்பா எதுக்கும்மா? நாங்க கிளிப்பச்ச மாம்பழ மஞ்சன்னு வேலை பாக்குற ஆளுக இல்ல. எழுதிக்கோ, இருநூத்திப் பத்தொம்பது." அந்தப் புள்ள "ஓ, சூப்பர் சார்"னுச்சு. போன வச்சுட்டு நான் ஆபீஸ்ல இருந்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பாத்தேன்.

அவங்களும் சுத்தமா, நம்பருக்கு நம்பர், இருநூத்திப் பத்தொம்பது அடிச்சு அனுப்பிட்டாங்க.

வந்துச்சு சார் வினை. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போறதுக்கு முந்தி நம்ம பக்கத்துக் கடைகளுக்குக் கொஞ்சம் போட்டுப் பாக்கலாம்னு அக்கா அனுப்பினா. ஒரு வாரத்துல பூராத் திரும்பி வருது. "டூப்ளிகேட் சரக்கு." கடைக்காரங்க சொல்லல, வாங்க வந்த பொம்பளைங்க சொல்லியிருக்காங்க. "இது ரோஸ் டப்பா இல்லக்கா, யாரோ போலி அடிச்சிருக்கான், நிறத்தப் பாருங்க எப்படி அடிக்குதுன்னு." அக்கா நம்பாம அவளே சாத்தூர்ல ஒரு கடைக்குப் போயிருக்கா. கடைக்காரன் புது ஆளு, இவளத் தெரியாது. அக்கா டப்பாவக் காட்டி, "ஏன்யா இது வேண்டாங்கிறீங்க?"ன்னு கேட்டதுக்கு, "அம்மா, ஒரிஜினல் தங்கபுஷ்பம் டப்பா இப்படி இருக்காது. அது பையப் பூத்த மாதிரி ஒரு ரோஸ். இத எந்தத் திருட்டுப் பயலோ அடிச்சு உங்க தலையில கட்டிட்டான்"ங்கிறான். அக்கா, "யோவ், நான்தான்யா தங்கபுஷ்பம்"னிருக்கா. அவன் சொல்லியிருக்கான், "விக்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

அங்கருந்து நேரா என் ஆபீசுக்கு வந்துட்டா. மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. மேசை மேல ரெண்டு டப்பாவ வச்சா. நான் அடிச்சது ஒண்ணு, கோயம்புத்தூர் ஒண்ணு. "தம்பி, சூப்பர் மார்க்கெட்காரன் இத அப்படியே வாங்கிக்குவான். ஆனா இது போலின்னு ஊருல பேராயிட்டா, அவன் கடையில எவ வாங்குவா? கொட்டகையில இருக்கிற பொம்பளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"ன்னு கேட்டா. கண்ணு கலங்கிருச்சு.

நான் டப்பாவத் தூக்கிப் பாத்தேன். பாத்தவுடனே எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. இருக்கக் கூடாதுதான், இருந்துச்சு. "நான் சொன்னேனா இல்லையா? பெரிய பிரஸ்ஸாம், கோயம்புத்தூராம்! நம்பரக் குடுத்தும் தப்பா அடிச்சிருக்கான். வா, புத்தகத்தக் கொண்டு போயி அவன் மூஞ்சியில வைக்கிறேன். அத்தனை டப்பாவையும் சும்மா மறுபடி அடிச்சுக் குடுக்க வைக்கலன்னா என் பேரு தெய்வராஜ் இல்ல"ன்னேன். பெத்துராஜ் ஒரு ஓரமா நின்னு ரெண்டு டப்பாவையும் மாறி மாறிப் பாத்தான். ஏதோ சொல்ல வந்தான். நான் பாத்த பார்வையில அப்படியே முழுங்கிட்டான்.

ஷோகேஸத் தொறந்து, புத்தகத்த விரிச்சபடியே எடுத்து, ஒரு பட்டுத் துண்டுல சுத்தி, அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். போற வழி பூரா அந்த பிரஸ்காரன எப்படியெல்லாம் கேக்கணும்னு பேசிப் பாத்துக்கிட்டே போறேன்.

அந்த கௌசிகாப் பொண்ணு வாசலுக்கே வந்து, காபியெல்லாம் குடுத்து, உள்ள ஒரு அறைக்குக் கூட்டிட்டுப் போச்சு. கலர் பாக்குறதுக்குன்னே தனி விளக்கு, தனி மேசை. நான் பட்டுத் துண்டப் பிரிச்சு, புத்தகத்த எடுத்து, டப்பாவ அது பக்கத்துல வச்சு, கைய இடுப்புல வச்சுக்கிட்டு நின்னேன். "இதான் இருநூத்திப் பத்தொம்பது. இது உங்க டப்பா. இப்பச் சொல்லும்மா."

அது புத்தகத்த ஒரு தடவ பாத்துச்சு. என்னைய ஒரு தடவ பாத்துச்சு. அப்புறம் ரொம்ப மெதுவா, "இது எப்பங்க அங்கிள் வாங்கினது?"ன்னுச்சு.

"எப்ப வாங்கினா என்ன? உலகம் பூரா ஒரே நம்பர்தானே?"

அது அவங்க புத்தகத்த எடுத்துச்சு, புதுசு, அதே ஏட்ட விரிச்சு என்னுது பக்கத்துல வச்சுச்சு. சார், ஒண்ணு கல்யாணத்துக்கு வாங்கின சேலை, இன்னொண்ணு அதையே பத்து வருஷம் துவைச்சது. அப்படி இருந்துச்சு. என் நாக்கு இருக்கே, அது அப்பவும் அடங்கல. "உங்க புத்தகம் தப்பா அச்சாகியிருக்கு"ன்னுட்டேன்.

அந்தப் புள்ள கோவிக்கல. "அங்கிள், இந்தச் சந்தனத்த எடுக்கட்டுங்களா?"ன்னு கேட்டு, ஒரு துணிய நனச்சு, நான் வருஷா வருஷம் வச்ச பொட்டப் பையத் துடைச்சு எடுத்துச்சு. உள்ள வட்டமா, காலணா அளவுக்கு, அந்தப் பழைய ரோஸ் அப்படியே இருக்கு. அடிச்ச ரோஸ். இருநூத்திப் பத்தொம்பது. சுத்தி இருக்கிறது பூராவும் வெளுத்துப் போயிருக்கு. பொட்டு இருந்த இடத்துல வெயில் படல, அதனால அங்க மட்டும் கலரு தப்பிச்சிருக்கு.

ஒவ்வொரு வருஷமும் வெயிலு அந்த ஏட்ட வெளுக்க வச்சிருக்கு. ஒவ்வொரு வருஷமும் நான் அந்த வெளுப்புக்கு மேட்ச் பண்ணி அடிச்சிருக்கேன். புத்தகம் தூங்குமான்னு கேட்டேன்ல? தூங்கல, நான் அத வெயில்ல நிக்க வச்சுட்டேன்.

அதோட விட்டுச்சா? கடைசி ஏட்டத் திருப்பிக் காட்டுச்சு. வெளிச்சத்துல வைக்கக் கூடாது, வேலை முடிஞ்சதும் மூடி வைக்கணும், அப்பப்பப் புதுசு மாத்தணும்னு பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கு. "அதெல்லாம் புத்தகம் விக்கிறதுக்கு எழுதினது"ன்னு சொன்னேன். ஊரு பூரா "புத்தகத்துல போட்டிருக்கிறதுதான் சட்டம்"னு சொன்னவன் சார் நான். அந்தப் புத்தகத்தக் கடைசி வரைக்கும் படிக்கல.

அவங்க மேல தப்பே இல்ல. நம்பருக்கு நம்பர் அடிச்சிருக்காங்க. ஜனங்களுக்கு நான் வருஷத்துக்கு ஒரு பொடியா வெளுத்ததப் பழக்கி விட்டுட்டேன். இப்ப அசலக் காட்டினா, அது போலிங்கிறாங்க.

"கவலப்படாதீங்கம்மா, பழைய டப்பாவ வச்சே நாங்க கலந்து பாக்கலாம்"னு அந்தப் புள்ள அக்காகிட்டச் சொல்லுச்சு. "ஆனா போன வருஷ டப்பா ஒரு மாதிரி, அதுக்கு முந்தின வருஷம் வேற மாதிரி இருக்கும். எந்த டப்பாவுக்கு மேட்ச் பண்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அதுக்கப்புறம் அது மாறாம இருக்கிற மாதிரி ஒரு சாம்பிள் வேணும்."

அக்கா, "வீட்டுக்குப் போயிச் சொல்றேம்மா"ன்னா.

திரும்பி பஸ் ஏறினோம். திண்டுக்கல்ல நான் வடை வாங்கிக் குடுத்தேன், வாங்கி மடியில வச்சுக்கிட்டா, திங்கல. அருப்புக்கோட்டையில எறங்கி அவ வீட்டுக்குப் போனோம். உள்ள போயி பீரோவத் தொறந்து, அந்த மஞ்சப்பைய எடுத்துட்டு வந்தா. அதே ஜாக்கெட் துணி. அதே மடிப்பு. என் புத்தகத்த அவளே வாங்கி, வெளுத்த ஏடு மேல அந்தத் துணிய வச்சா. வாசல் வெளிச்சத்துல நின்னு பாத்தோம்.

பொருந்துச்சு சார். நான் கெட்ட குணத்துக்கு, "ஒரு பொடி மஞ்சள் கூட இருக்கு"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அந்த அளவுக்காவது கூறு வந்துச்சே.

"நான் இதத்தானேடா கேட்டேன்?"ன்னா.

நான் துணியத் தொடப் போயி, கைய எடுத்துக்கிட்டேன்.

"மொத மொதத் தீப்பெட்டி ஆபீஸ்ல எனக்குப் போனஸ் குடுத்தப்ப வாங்கின துணிடா இது. தையக்கூலிக்கு வச்சிருந்ததையும் அப்பா உன் காலேஜுக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு. பரவாயில்ல, தம்பி பிரிண்டிங் படிக்கிறான்னு மடிச்சு வச்சேன். அதுக்கப்புறம் தைக்க மனசு வரல. சொந்தமா ஒரு தொழில்னு ஆரம்பிச்சப்ப, இந்தக் கலர்லதான் டப்பா போடணும்னு எடுத்துட்டு வந்தேன். நீ கையால கூட வாங்கலடா. மிஷின்காரனக் கூப்பிட்டுச் சிரிச்ச. நான் கேட்ட கலரு வர்றதுக்கு உன் புத்தகம் வெயில்ல நின்னு சாக வேண்டியதாப் போச்சு."

அழலாம்னு பாத்தேன், அதுவும் நாடகமாப் போயிரும்னு நின்னேன். அத்தான்தான் பாவம், ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. சொன்னேன்ல, நல்ல மனுஷன்.

இப்பத் தெரிஞ்சுதா சார், பையில என்ன இருக்குன்னு? புத்தகம் இல்ல. அந்தத் துணிதான். கோயம்புத்தூர் பிரஸ்ல இதக் கலர் அளக்கிற மிஷின்ல வச்சுப் பாத்து, எந்த மை எம்புட்டுன்னு கணக்கு எடுத்து, மைக் கம்பெனிக்குச் சொல்லி டின்னுல கலந்து வாங்கப் போறாங்க. பெரிய டப்பாவுக்கு அவங்களுக்கும், சந்தைக்குப் போற சின்ன டப்பாவுக்கு எனக்கும் அதே மை. சூப்பர் மார்க்கெட்காரன் பத்து நாள் தவணை குடுத்திருக்கான். கோயம்புத்தூர்ல அடிச்ச டப்பாவத் திருப்பி எடுத்துட்டு, மறுபடி அடிக்கிற செலவுல பாதிய நான் ஏத்துக்கிறேன்னு சொல்லிட்டேன், அது கிடக்கட்டும். அக்கா போட்ட கட்டளை ஒண்ணே ஒண்ணு. துணிய வெட்டக் கூடாது. சாம்பிளுக்கு ஒரு நூலு கூடப் பிரிக்கக் கூடாது. பார்சல்ல அனுப்பக் கூடாது. நான்தான் கொண்டு போகணும், நான்தான் கொண்டு வரணும். மடியில வச்சு.

எம்.எல்.ஏ. பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போறேன்.

ஆனா ஒண்ணு சார், அக்காவுக்கு இன்னும் கோவம் தீரல. கலருதான் கிடைச்சிருச்சே, செலவும் ஏத்துக்கிட்டேன், இன்னும் என்ன கோவம்னு எனக்கு விளங்கல. சண்முகக்கனிகிட்டக் கேட்டேன். அவ என்னைய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு உள்ள போயிட்டா.

இருங்க, போன் அடிக்குது. அக்காதான். ஒரு நிமிஷம்.

"சொல்லுக்கா... ஆமா, பஸ்லதான். மதுரை தாண்டியாச்சு... இருக்கு, மடியிலதான் இருக்கு... இல்லக்கா, வெயிலெல்லாம் படல, பக்கத்துல ஒரு சாரு ஷட்டர இறக்கி விட்டிருக்காரு... நானா? நான் இன்னும் சாப்பிடல. திண்டுக்கல்ல பாத்துக்கிறேன்... அக்கா, வச்சிராத, ஒரு விஷயம். அந்த பிரஸ் புள்ள காலையில போன்ல கேட்டுச்சு. துணியப் பாத்துக் கலக்குற மைக்கு நம்பரே கிடையாதாம், எந்தப் புத்தகத்துலயும் இருக்காதாம். டின்னு மேல ஒட்ட ஒரு பேரு வேணுமாம், அந்தப் பேரச் சொன்னாத்தான் கம்பெனியில அடுத்த தடவையும் அதே மையக் குடுப்பானாம். நான் 'டி.ஆர். ஒண்ணு'ன்னு வைக்கலாம்னு பாத்தேன்... இல்லக்கா, தெய்வராஜ், டி.ஆர்... இல்ல, சரி, சரி. நீயே ஒரு பேரு சொல்லு... என்னது? ... இன்னொரு தடவ சொல்லு... சரிக்கா. அப்படியே சொல்றேன். ஒரு எழுத்து மாத்த மாட்டேன். சரி. வச்சிர்றேன்."

அக்கா என்ன சொன்னான்னா கேக்குறீங்க?

"'நான் கேட்ட ரோஸ்'னு போடச் சொல்லு"ன்னா.

அந்த லேபிள் என் பிரஸ்ஸுக்கு வர்ற டின்னுலயும் ஒட்டியிருக்கும் சார். பெத்துராஜ் அத எடுத்துட்டு வந்து என் முன்னால வைப்பான். அக்கா டப்பா அடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பேரப் படிச்சுட்டுத்தான் மூடியத் திறக்கணும்.

திண்டுக்கல் வந்துருச்சு பாருங்க. பாத்து எறங்குங்க. அந்த ஷட்டரு மட்டும் அப்படியே இருக்கட்டும்.